பெயர் ஒட்டாத ஜாடிகள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் தானாகப் படி ஏறுகிறதா, இல்லை இன்னும் கைப்பிடியைப் பிடித்துத்தான் தொங்குகிறாரா?

ஒரு சேதி. பெரிய கண்காட்சிக் கூடத்தில் என் படங்களை மொத்தமாக மாட்டப் போகிறார்கள். செப்டம்பரில். ஆரம்பத்திலிருந்து இன்றுவரை, நாற்பது படம். உயிரோடு இருப்பவனுக்கு இதெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவசரப்பட்டுவிட்டார்களோ என்னவோ.

என்னைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று எழுதுவதற்காகக் கூடத்திலிருந்து ஒருவர் வாரம் இருமுறை வருகிறார். கேள்விக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். "சார், உங்களுக்குத் தூண்டுதலா இருந்தது எது?" என்று கேட்டார். செருப்புக் கடைப் பலகை என்றேன். சிரித்தார். நிஜமாகவே அதுதான் என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. பத்தொன்பது வயதில் அந்தக் கடைக்கு ஒரு பெண்ணின் இடது காலை வரைந்தேன். வலது கால் வேண்டாம், பலகையில் இடமில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்புறம் அலுவலகச் சுவர்களுக்குக் கம்பெனி இயக்குநர்களின் முகங்கள். பதினொரு இயக்குநர்கள், பதினொரு பேருக்கும் நான் வைத்தது ஒரே காது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் இந்த ஜன்னலிலிருந்து தெரிகிற மொட்டை மாடிகள். "வீட்டுக்குள்ள ஆளே இல்லையாடா?" என்று நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது.

என் வீட்டுக்காரி, என் நெட்டை, இறந்துபோன பிறகு இரண்டு வருஷம் நான் தூரிகையைத் தொடாதது உனக்குத் தெரியும். மறுபடி தொட்டபோது முதலில் போட்டது அவளைத்தான், ஜன்னலோரம், ஞாபகத்திலிருந்து. உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதிலிருந்து பதினாறு படம். அந்தப் பதினாறைத்தான் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். கேள்விக்காரர் அவற்றுக்கு 'மண் காலம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார். நீல ஸ்வெட்டர் போட்ட பெண்ணின் படத்தைப் புகைப்படமாகக் கையில் வைத்துக்கொண்டு மண் என்கிறார், அக்கா! அவரை உன் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பிக் கண் சோதிக்கிற எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைக்க வேண்டும்.

என் அலமாரியைப் பார்த்தும் அசந்துபோனார். நிறப்பொடி ஜாடிகள் முப்பத்திநான்கு, ஒன்றிலும் பெயர் ஒட்டவில்லை. பெயரைப் படித்து நிறம் எடுக்கிறவன் மருந்துக் கடையில் வேலை பார்க்கலாம் என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்.

உன்னிடம் இருக்கும் படத்தைச் செப்டம்பருக்கு இரவல் கொடு. இப்போதெல்லாம் பல்பு செய்கிறவர்கள் சுத்தமாக ஏமாற்றுகிறார்கள், மூன்றாவது முறை மாற்றிவிட்டேன், வெளிச்சமே இல்லை. இதோடு நிறுத்துகிறேன். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி

*

ஜனவரி 30

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அத்தானின் முழங்கால் ஒரு நாள் ஏறுகிறது, மறுநாள் பழிவாங்குகிறது. உன் கடிதம் வந்த அன்று அதைக் கடைக்கு எடுத்துப்போய், கண்ணாடிச் சட்டத் தட்டுகளைத் துடைத்து முடித்த பிறகு படித்தேன்.

உனக்குப் பெரிய கூடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அத்தான் பக்கத்து வீடு, எதிர் வீடு, பால் போடுகிறவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. நீ இன்னும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாயா, இல்லை நாக்கால் தடவிக்கொண்டே இருக்கிறாயா? வயிறு எப்படி? பாதத்தில் வெடிப்புக்குக் களிம்பு அனுப்பினேனே, தடவினாயா? குளிர் காலத்தில் வெறுங்காலோடு தரையில் நிற்காதே.

படத்தைப் பற்றி. அது மாட்டியிருக்கிற சுவர் கொஞ்சம் ஈரம் ஊறி ஓதமாக இருக்கிறது. எடுத்தால் பின்னால் என்ன இருக்குமோ தெரியாது. ஆணியும் பழசு. அவ்வளவு தூரம் வண்டியில் குலுங்கி வந்தால் சட்டம் தாங்குமா என்று தச்சரைக் கேட்க வேண்டும். நாற்பதில் ஒன்று குறைந்தால் கூடம் இடிந்து விழாது. யோசித்துச் சொல்கிறேன்.

கேள்விக்காரர் பாவம், அவரை என்னிடம் அனுப்ப வேண்டாம். அவருக்கு மரியாதையாகப் பதில் சொல். ஒரே காது விஷயத்தை எழுதவிடாதே. அதில் இரண்டு இயக்குநர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பல்லை மறக்காதே.

அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவர் நலத்தையும் படித்து நிம்மதியானேன். என் நலம் இந்த வாரம் கொஞ்சம் சந்தி சிரித்துவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் பதினெட்டு என்று நினைத்துப் பதின்மூன்றில் ஏறி, ஊரின் அந்தக் கோடிக்குப் போய் இறங்கினேன். அங்கே நடைபாதை விளிம்பு என்று கால் வைத்தது நிழல். மூக்கில் நாலு தையல். தையல் போட்ட டாக்டர் என் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, மூக்கை விட்டுவிட்டு என்னைக் கண் டாக்டரிடம் துரத்தினார்.

இரண்டு கண்ணிலும் புரை. கண் டாக்டர் ஒரு அம்மாள், சுள்ளென்று பேசுகிறவர். "இது நேத்து வந்ததில்ல. ஆறேழு வருஷமா இருக்கு. வெள்ளைப் புரையில்ல, பழுப்பு. கெட்டியாப் போட்ட டீ மாதிரி இருக்கு. இத வெச்சுக்கிட்டு என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். ஓவியம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 6 வலது கண்ணுக்கு அறுவை. இடது ஒரு மாதம் கழித்து. பயமில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் பயமாக இருக்கிறது என்றே எழுதுகிறேன். முப்பது வருஷமாக ஊரார் கண்ணைப் பார்க்கிறவள் நீ. என்ன ஆகும், எப்படி இருக்கும் என்று நாலு வரி எழுது.

பல்லைப் பிடுங்கிவிட்டேன். அத்தானிடம் என் மூக்கைப் பற்றிச் சொல்லாதே, ஊர் முழுக்கப் போய்விடும்.

உன் தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

உன் மூக்கு ஆறிவிட்டதா? அத்தானிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தை அவரே எடுத்துப் படித்துவிட்டார்.

பயப்படாதே. இருபது நிமிஷ வேலை. வலிக்காது, அழுத்துவது மாதிரி இருக்கும். சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே படுத்திரு. முடிந்ததும் மூடி ஒட்டி அனுப்புவார்கள். மறுநாள் எடுப்பார்கள். சொட்டு மருந்து விடும்போது கீழ் இமையை இழுத்து அந்தப் பையில் விடு, கருவிழி மேல் விடாதே. குனிந்து எதையும் தூக்காதே. முகத்தில் தண்ணீர் அடிக்காதே. எண்ணெயும் பொடியும் உள்ள அறைக்குள் பத்து நாள் போகாதே.

கட்டு பிரித்ததும் நிறங்கள் கண்ணைக் கூசும். எல்லாருக்கும் அப்படித்தான். சிலர் வீட்டுக்குப் போய்ச் சுவருக்கு யார் சுண்ணாம்பு அடித்தது என்று சண்டை போட்டிருக்கிறார்கள். அடங்கிவிடும்.

ஒன்று மட்டும் கேள். முதல் ஒரு வாரம் உன் படங்களைப் பார்க்காதே. சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடு. பார்க்க வேண்டியதற்கு நிறைய நாள் இருக்கிறது.

நான் வந்திருக்க வேண்டும். அத்தானைத் தனியாக விட முடியவில்லை. துணைக்கு எதிர் வீட்டுக்காரரைக் கூட்டிப் போ.

அக்கா

*

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கண் நன்றாக இருக்கிறது. டாக்டரம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. நீங்கள் இருவரும் சுகந்தானே?

சுவர் வெள்ளை, அக்கா. நான் அதைச் சந்தன நிறம் என்று நினைத்து ஆறு வருஷம் குடியிருந்திருக்கிறேன். ஒரு காலில் நீலக் காலுறை, இன்னொன்றில் பழுப்பு. எத்தனை நாளாக இப்படியோ, யாரைப் பார்க்கப் போனேனோ. பல்பு செய்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாரம் பொறு என்று நீ சொன்னாய். இரண்டாவது நாளே உள்ளே போனேன்.

அலமாரியில் எனக்கு இடது கைப் பக்கம் மூன்றாவது ஜாடி கரு நீலம், நாலாவது ஜாடி சுட்ட மண் பழுப்பு. மூன்றும் நாலும் எப்போதோ இடம் மாறியிருக்கின்றன. எப்போது என்று தெரியாது, ஏனென்றால் இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கின்றன. பச்சையும் அப்படியே. வெள்ளையில் கொஞ்சம் காவி கலந்து அதையே சுத்த வெள்ளை என்று பூசியிருக்கிறேன். பெயர் ஒட்டியிருந்தால் ஒரு குழந்தைகூடத் தப்புப் பண்ணாது. மருந்துக் கடைக்காரன் பண்ண மாட்டான்.

உன்னிடம் இருப்பது போக மீதிப் பதினைந்து படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கடல் என்று போட்டது சேற்று வயலாக இருக்கிறது. காலை வெளிச்சம் என்று போட்டது புழுதி. கேள்விக்காரர் துக்கம், இழப்பு, மண்ணுக்குத் திரும்புதல் என்று எட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறார். நல்ல தமிழ். பாதிக்கு மேல் நாலாவது ஜாடியைப் பற்றியது.

ஒரு வேடிக்கை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் எல்லாம் நான் வரைந்தபடியே இருக்கிறது. கடல் கடலாக, காலை காலையாக. கையை மாற்றிப் பொத்தினால் சேறு. நாள் பூராவும் இப்படியே பொத்திப் பொத்திப் பார்க்கிறேன்.

நெட்டையின் படத்தை உடனே அனுப்பு. கண்காட்சிக்காக இல்லை, திருத்துவதற்கு. மற்றதெல்லாம் எக்கேடு கெட்டாலும் போகட்டும். அவள் அந்த நீல ஸ்வெட்டரில் கையில் கோப்பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாதி என்று ஒன்று தெரிவதற்கு முந்தைய வாரம். நன்றாக இருந்தாள். நன்றாக இருந்தவளைத்தான் போட்டேன். அவளை அந்த நிறத்தில் உன் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இன்னொன்று. இந்தக் கடிதம் நீல மையில் இருக்கும். இதுவரை எழுதியதெல்லாம் கோடு போட வைத்திருந்த பழுப்பு மை என்று இப்போதுதான் கண்டேன். உனக்கு எத்தனை கடிதம் அப்படி வந்தது? ஏன் ஒன்றுமே சொல்லவில்லை?

அத்தானுக்கு அன்பு.

உன் தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை, நானூறு பேர். அதோடு அத்தானுக்குக் காய்ச்சல், இப்போது தேவலை. உன் கண் நன்றாக இருப்பது எங்களுக்கு ஆறுதல்.

சொட்டு மருந்தைச் சரியாக விடுகிறாயா? நாலாவது வாரத்திலிருந்து குறைக்கச் சொல்லியிருப்பார்கள். இடது கண்ணுக்குத் தேதி வாங்கிவிட்டாயா? தள்ளிப்போடாதே.

படத்தைப் பற்றித் தச்சரிடம் பேசினேன். மரப்பெட்டி செய்ய இப்போது ஆள் இல்லை என்கிறார். மழையும் வரும்போல இருக்கிறது. நான் ஒன்று சொல்கிறேன், கேட்பாயா என்று தெரியவில்லை. அது இருக்கிறபடியே இருக்கட்டும். வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நிற்கிறார்கள். வேண்டுமானால் புதிதாக ஒன்று போடு. நீல ஸ்வெட்டரோடு, காலை வெளிச்சத்தோடு, உன் இஷ்டம்போல. துணியும் இருக்கிறது, பொடியும் இருக்கிறது, இப்போது கண்ணும் இருக்கிறது.

வெயிலில் போனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். ஒன்று அனுப்பியிருக்கிறேன், சட்டம் உன் மூக்குக்குச் சரியாக இருக்கும்.

அக்கா

*

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

இருவரும் சுகம் என்று நினைக்கிறேன். கண்ணாடி வந்தது.

நான் கேட்டது மையைப் பற்றி. நீ எழுதியது தச்சரையும் மழையையும் பற்றி. என் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். நாலு வருஷத்துக் கடிதங்கள். பல் எப்படி, வயிறு எப்படி, பாதம் எப்படி, முதுகு எப்படி, ஒரு கடிதத்தில் காது எப்படி என்றுகூடக் கேட்டிருக்கிறாய். கண் எப்படி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கண்ணாடிக் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருப்பவள் கேட்கவில்லை. தெருவில் போகிறவன் கண்ணைச் சுருக்கினாலே கூப்பிட்டு உட்காரவைக்கிறவள் நீ. படங்களைப் பார்க்காதே என்று மார்ச் மாதமே எழுதினாய். அங்கே என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

எப்போதிலிருந்து தெரியும்? ஏன் சொல்லவில்லை? நான் ஊர் முன்னால் கோமாளியாக நின்றது உனக்குச் சிரிப்பாக இருந்ததா?

இடது கண்ணுக்குத் தேதி வாங்கவில்லை. அறுத்துவிட்டால் அப்புறம் நான் வரைந்ததை நான் வரைந்தபடி பார்க்க உலகத்தில் ஒரு கண்ணும் இருக்காது. டாக்டரம்மா, "இன்னும் விட்டா கெட்டியாயிரும், அப்புறம் என்னை வந்து கேக்காதீங்க" என்கிறார். அவர் சொல்வது நியாயந்தான். எனக்கு நெட்டையை அந்த நீல ஸ்வெட்டரில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதற்கு இந்தப் பாழாய்ப்போன கண் வேண்டும், உன்னிடம் இருக்கும் படமும் வேண்டும். அனுப்பு. பதிலும் அனுப்பு.

தம்பி

*

ஜூன் 3

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இதையும் தொடங்குகிறேன். ஆறு வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். அத்தான் குப்பைத் தொட்டியைப் பார்த்துவிட்டு, "நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துரேன்" என்றார். நேரில் என்றால் நான் பேச மாட்டேன்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாய். நாலு வருஷமாக. பழுப்பு மையில் மூன்றாவது கடிதம் வந்தபோது சந்தேகம் வந்தது. அந்த வருஷம் நீ இங்கே வந்தாய், ஒரு கால் நீலம், ஒரு கால் பழுப்பு. என் கைப்பையில் விளக்கு இருந்தது. உன்னை ஜன்னல் பக்கம் திருப்பி அடித்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷம். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

சிரிப்புக்காக இல்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை.

நெட்டை பதினொரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நீ தினமும் வந்தாய். அறை வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சு இருந்தது, அதுவரை வந்தாய். பழப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாய். முதல் வாரம் இரண்டு தடவை உள்ளே வந்தாய். அப்புறம் வரவில்லை. உன்னால் பார்க்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டாள். "வந்துட்டாரா அக்கா?" "வந்துட்டான், டாக்டர்கிட்ட பேசிட்டு இருக்கான்." தினமும் இதே பொய். கடைசி வாரம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

உன் மேல் எனக்கு இருந்த கோபத்தை நீ அறிய மாட்டாய். இரண்டு வருஷம் உனக்கு வயிறு எப்படி, முதுகு எப்படி என்று எழுதியதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது. கூடப் பிறந்தவனை விட முடியாதே என்று எழுதினேன்.

பிறகு அந்தப் படம் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பெட்டியைப் பிரித்தேன். அத்தான் "யாரு இது?" என்றார். அது அவள் கடைசி வாரம் இருந்த நிறம், தம்பி. கல்லீரல் போனபிறகு முகத்தில் ஏறிய அந்த மண் நிறம். திரையை இழுத்துவிட்ட அறையில் இருந்த அதே வெளிச்சம். வேறு யாருக்கும் தெரியாது, நானும் நர்சும் மட்டுமே பார்த்தது. இவன் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான், வாயால் சொல்லத் தெரியாமல் இப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன். அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். உன்னை மன்னித்தேன். உனக்கு அது தெரியாது. கடிதத்தில் சட்டம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் மை.

உன் கண் கெட்டிருந்தால் அந்த நிறம் நீ போட்டது இல்லை. ஜாடி போட்டது. நான் மன்னித்தது ஒரு ஜாடியை. இதை நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அதனால் விளக்கை வெளியே எடுக்கவில்லை. ஊரில் நாலாயிரம் பேர் கண்ணைப் பார்த்தவள், ஒரு கண்ணை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். நீ நடைபாதையில் விழுந்து மூக்கு உடைந்ததற்கு நான்தான் காரணம். அது தப்பு. அதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் படத்தைத் திருத்தக் கேட்கிறாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நன்றாக இருந்தவளை எல்லாருக்கும் தெரியும். மற்றவளை என்னோடு சேர்ந்து பார்த்தது அந்தப் படம் ஒன்றுதான்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 4

தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்கிறேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை, கோபம் என்று எடுத்துக்கொள்கிறேன். எதிர் வீட்டுக்காரரிடம் அத்தான் போன் போட்டு விசாரித்தார், நீ நடமாடுவதாகச் சொன்னார். அது போதும்.

தச்சர் பெட்டி செய்துவிட்டார். மழை பெய்யவே இல்லை. படம் நாளைக் காலை வண்டியில் வருகிறது. சுவரில் ஓதம் இல்லை, அது நான் சொன்ன பொய்.

படம் உன்னுடையது. அவளும் உன்னுடையவள். உனக்குச் சரி என்று பட்டதைச் செய். ஒரு நிபந்தனையும் இல்லை. இடது கண்ணுக்கு மட்டும் தேதி வாங்கு. இது அக்காவாகச் சொல்லவில்லை, கண்ணாடிக் கடைக்காரியாகச் சொல்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு கண்ணும் தெரிகிறது. சொட்டு மருந்தைக் கீழ் இமைப் பையில்தான் விடுகிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், எனக்கும் நன்றாக இருக்கும். அப்படி ஒரு கடிதம் எழுதி இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்தேன். பார்க்கவில்லை, அக்கா. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தரைக் கற்களை எண்ணினேன். அகலவாக்கில் பதினாலு, நீளவாக்கில் எண்ண முடியாது, திருப்பத்தில் மறைந்துவிடும். அவள் என்னைக் கேட்டாள் என்பதே உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தது உன் மேல் கோபத்தினால் இல்லை.

பெட்டி வந்த அன்று திருத்தத் தயாராகத்தான் இருந்தேன். கரு நீலத்தைப் புதிதாக அரைத்து வைத்திருந்தேன். ஜாடிகளுக்கெல்லாம் இப்போது பெயர் ஒட்டியாகிவிட்டது, கேள்விக்காரரின் கையெழுத்தில். பெட்டியைப் பிரித்ததும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். நீல ஸ்வெட்டர், காலை, ஜன்னல். நன்றாக இருந்தாள். அன்று முழுக்க அப்படியே பார்த்தேன். கை வலித்ததும் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். மறுநாள் போய் இடது கண்ணை அறுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு முடிந்தது. இனி அதை யாரும் பார்க்க முடியாது. எனக்கு அழுகை வந்தது. டாக்டரம்மா, "கண்ணுக்குக் கெடுதல், அழாதீங்க" என்றார்.

கேள்விக்காரரிடம் ஜாடி விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். "இதப் புத்தகத்துல போடணுமா சார்?" என்றார். போட வேண்டும் என்றேன். எட்டுப் பக்கமும் போய்விட்டது, பாவம், இப்போது மறுபடி செருப்புக் கடையிலிருந்து ஆரம்பிக்கிறார். பதினாறில் பதினைந்தை ஜாடிக் கதையோடு மாட்டுகிறார்கள். உன்னுடையது போகாது. மாட்டத் தகுதியில்லை என்பதால் இல்லை, எனக்கு அதில் இன்னும் வேலை இருக்கிறதா என்று தெரியவில்லை.

பத்து நாளாக இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீலத்தைத் தொடவில்லை. ஆரம்பத்தில் என் தப்பு மட்டுமே தெரிந்தது. நாலாவது நாள் தப்பை மறந்துவிட்டேன், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், உடம்பு சரியில்லாதவள். எழுந்து வெளியே போய்விடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. போகவில்லை.

உன்னிடம்தான் கேட்க முடியும். அவள் இப்படித்தான் இருந்தாளா?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 15

தம்பிக்கு,

இங்கே சுகம். உன் இரண்டு கண்ணும் தெரிவது பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று எழுத வரவில்லை, அதனால் விடுகிறேன்.

நீ பொய் எழுதாமல் இருந்ததற்கு நன்றி. எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் இப்போது அது உன் மேல் நேராக இருக்கிறது. வயிற்றையும் முதுகையும் சுற்றி வரவில்லை.

கேட்டதற்குப் பதில். நிறம் சரி. முகம் சரி. ஜன்னல் தப்பு, அவள் கட்டில் சுவரோரம் இருந்தது. அவள் உயரத்துக்கு அந்தக் கட்டில் பற்றவில்லை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு நான் ஒரு முக்காலி வைத்திருந்தேன். கை ரொம்பத் தப்பு. நீ போட்டிருப்பது கோப்பை பிடிக்கிற கை. கடைசியில் அவள் கை கோப்பை பிடிக்காது. கைக்கடிகாரம் மட்டும் வேண்டும் என்று அடம் பிடித்தாள், நீ வருகிற நேரம் பார்க்க. அது முழங்கை வரைக்கும் வழுக்கி ஓடும். கடையிலிருந்து துளை போடும் ஊசியைக் கொண்டுபோய் வாரில் மூன்று தடவை புதுத் துளை போட்டேன். மூன்றாவதும் தொளதொளத்தது.

கடிகாரம் என்னிடம் இருக்கிறது. எனக்கும் வயதாகி மணிக்கட்டு மெலிந்துவிட்டது, இரண்டாவது துளை சரியாக இருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு இங்கே வா. நான் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். நீ எதிரே உட்கார்ந்து, இந்தத் தடவை பார்த்து வரை.

அக்கா